கடைசிக்கு முந்தின சுற்று

விசில் ஊதிய நேரத்தில் செண்பகவல்லி தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்க்கரையில் ஆறு பெண்பிள்ளைகள் குனிந்து நின்று ஒரே சமயத்தில் பாய்ந்ததையும், கேலரியில் யாரோ கூவியதையும், பக்கத்துத் தடத்துக்கு வந்து நிற்கிற தூத்துக்குடிக்காரர் ‘விடாத, விடாத’ என்று இப்போதே தொண்டையைக் கிழித்துக்கொண்டதையும் அவள் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது தடத்தில் மகள் விழுந்த இடத்தில் தண்ணீர் என்ன நிறம்? நீலம். நீலம்தான். தண்ணிக்கு ஏதும்மா கலரு, அடியில பதிச்சிருக்க டைல்ஸ் கலரு அது என்று மிருதுளா எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள். எதுவாக இருந்தால் என்ன, நீலமாக இருந்தால் போதும். செண்பகவல்லியின் கையில் ஒரு வளையத்தில் கோத்த பிளாஸ்டிக் தட்டுகள் இருந்தன, நாள்காட்டியைப் போலப் புரட்டிக்கொள்கிற மாதிரி. ஏழு, ஆறு, ஐந்து என்று இறங்கிக்கொண்டே வந்து, ஒன்றுக்குப் பிறகு எண்ணே இல்லாத சிவப்புத் தட்டு. எண்ணூறு மீட்டர் என்றால் போக வர எட்டுச் சுற்று. மகள் இந்தக் கரைக்கு வந்து திரும்பும்போதெல்லாம் இதற்குப் பிறகு எத்தனை சுற்று பாக்கி என்று தட்டைத் தண்ணீரோரம் நீட்டிக் காட்ட வேண்டும். சிவப்பைக் காட்டினால் இதுதான் கடைசி, திரும்பிப் போய்த் தொட்டால் முடிந்தது, இருக்கிற மூச்சையெல்லாம் கொட்டிவிடு என்று அர்த்தம். நீந்துகிறவளுக்கு எண்ண முடியாது. எண்ணிக் கொடுப்பது வீட்டாள் பொறுப்பு. “நான் இந்தப் பக்கம் வாட்சோட நிக்கணும்க்கா, நீங்க அந்தக் கரையில நில்லுங்க. ஒண்ணும் பெரிய வித்தையில்ல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் செல்வின் மாஸ்டர். பெரிய வித்தையில்லைதான். பெற்றெடுத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையின் பல்லையும் காய்ச்சலையும் பரீட்சையையும் எண்ணிக்கொண்டிருப்பவளுக்கு எட்டு எண்ணுவது ஒரு வேலையா?

இதோ வந்துவிட்டாள், முதல் திருப்பம். தொப்பி, ஒரு கை, ஒரு கை, குட்டிக்கரணம், இரண்டு பாதங்கள் சுவரை உதைத்தன, செண்பகவல்லி ஏழைக் காட்டினாள், முகத்தில் தண்ணீர் தெறித்தது. உதட்டை நக்கிப் பார்த்தாள். குளோரின் கசப்பு. சீ, என்ன செய்கிறேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். முதல் இரண்டு பேர் மாநிலப் போட்டிக்குப் போவார்கள், மற்றவர்கள் பஸ் பிடித்து வீட்டுக்குப் போவார்கள், விஷயம் அவ்வளவுதான். மிருதுளாவுக்கு இதுதான் இந்த வயதுப் பிரிவில் கடைசி வருஷம். விடியலுக்கு முன்னால் எழுந்து, ஈரத் தலையோடு பள்ளிக்கூடம் போய், முடியெல்லாம் தேங்காய் நார் மாதிரி ஆகி, அத்தனையும் இந்த ஒரு காலைக்காக. இந்தக் காலை பார்த்துத்தானா வர வேண்டும்? உடை மாற்றும் அறையில் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “எம்மா, வந்துட்டு” என்றாள் மிருதுளா. என்ன வந்துட்டு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் குரலுக்கு ஒரே அர்த்தம்தான். “சரி, விடு. மாஸ்டர்ட்ட காய்ச்சல்னு சொல்லிருவோம்.” “இறங்கப் போறேம்மா.” “எப்படிட்டி இறங்குவ?” “கப் வச்சிருக்கேன்.” “எங்க வச்சிருக்க, பையிலயா?” என்று கேட்டதை நினைத்தால் இப்போதுகூடக் காது சுடுகிறது. பிள்ளை சிரித்துவிட்டது. “பேடுக்குப் பதிலா உள்ளதாம்மா வச்சிருக்கேன். ரெண்டு மாசமா வீட்ல பழகியிருக்கேன். கேம்ப்ல ஒரு அக்கா சொல்லிக் குடுத்தா. ஒண்ணும் ஆவாது.” ரெண்டு மாசமாக. அதே வீட்டில், அதே குளியலறையில், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு என்னட்டி பண்ணுத இவ்வளவு நேரம் என்று இவள் கதவைத் தட்டிய அதே காலைகளில். கல்யாணமாகாத பிள்ளை என்று வாய் வரை வந்தது. அதைச் சொல்லவில்லை. “கழண்டு விழுந்துட்டுன்னா?” என்று மட்டும் கேட்டாள். “விழாது.” “விழுந்துட்டுன்னா?” “எம்மா, விழாது.” கேட்டுக்கொண்டே இருந்திருப்பாள், அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆறு. காட்டியாகிவிட்டது. மிருதுளா தலையைத் தூக்கவில்லை, ஆனால் பார்த்திருப்பாள், தண்ணீருக்குள்ளிருந்து தெரியுமாம். அப்படியென்றால் என் முகமும் தெரியுமோ? என் முகம் எப்படி இருக்கிறதோ? தடங்களைப் பிரிக்கிற கயிற்றில் வெள்ளை உருளையும் சிவப்பு உருளையும் மாறி மாறிக் கோத்திருந்தார்கள். இத்தனை வருஷமாக வருகிறாள், அந்தச் சிவப்பு இவ்வளவு சிவப்பு என்று இன்றுதான் தெரிகிறது. அலை அடிக்கிறபோது அதன் சாயை உடைந்து, நீண்டு, நெளிந்து, மிருதுளாவின் இடுப்புப் பக்கமாகவே போய் நிற்கிறது. ஐயோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டால், கயிறு. அடுத்தது, ஐயோ, அதுவும் கயிறு. வெள்ளையும் பச்சையுமாகக் கோத்தால் எவன் வேண்டாமென்றான்? இதையெல்லாம் செய்து வைக்கிற ஆண்பிள்ளைகளுக்கு என்ன தெரியும், அவர்கள் பாட்டுக்கு ஒரு நிறத்தை எடுத்துக் கோத்துவிட்டுப் போய்விடுவார்கள். எட்டாம் வகுப்பில் ஒரு தடவை, பெரியவளாகி நாலைந்து மாதம்கூட ஆகாதபோது, என்ன ஏது என்று தெரியாமல் பேடை வைத்துக்கொண்டே இறங்கிவிட்டாள் பிள்ளை. அது குளத்துத் தண்ணீரையெல்லாம் குடித்துத் தலையணையாக ஊதி, உடுப்புக்கு வெளியே பிதுங்கி, ஏற முடியாமல் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே கழுத்தளவுத் தண்ணீரில் நின்றாள், எல்லோரும் போகிறவரைக்கும் நின்றாள், உதடு நீலம் பாரித்து. அன்று துண்டைச் சுற்றி அவளை வெளியே தூக்கியவள் செண்பகவல்லிதான். அதற்குப் பிறகு எல்லாரையும் போல மிருதுளாவும் காய்ச்சல்காரி ஆகிவிட்டாள். காய்ச்சல் என்பது இந்தக் குளத்து ஏற்பாடு. “சார், காய்ச்சல்” என்று ஒருத்தி சொன்னால் செல்வின் மாஸ்டர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்க மாட்டார், மாத்திரை போட்டியா என்று கேட்க மாட்டார், “சரி, மேல போய் உக்காரு” என்று வேறு எங்கேயோ பார்த்துச் சொல்வார். கேலரி மேல்படியில் நல்ல வெயிலில் டிராக் சூட்டை மாட்டிக்கொண்டு மாதத்துக்கு ஒருவர் இருவர் உட்கார்ந்திருப்பார்கள், கீழே மற்றவர்கள் நீந்துவார்கள். மேலே இருக்கிறவர்கள் தண்ணீரைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, பந்தி நடக்கிற இடத்தில் இலை கிடைக்காமல் நிற்கிறவர்கள் பார்க்கிற பார்வை. மிருதுளாவின் கால்கள் மட்டும் அந்தப் படியில் சும்மா இருக்காது, தண்ணீரை உதைக்கிற மாதிரி மெல்ல உதைத்துக்கொண்டே இருக்கும்.

ஐந்தா, நான்கா? ஐந்து. ஐந்தைக் காட்டினேன், இனி நான்கு. தூத்துக்குடிக்காரரும் ஐந்துதான் வைத்திருந்தார். அவருடைய பெண் கொஞ்சம் முன்னால் போகிறாள், மிருதுளா இரண்டாவதோ மூன்றாவதோ, தண்ணீர் கலங்கிக் கிடக்கிறது, தெரியவில்லை. போன வருஷம் மட்டும் அந்த மாத்திரையைக் கொடுக்காமல் இருந்திருந்தால் இந்த வருஷம் இந்தப் பாடு எதற்கு? அது இவளுடைய யோசனை. ஆடித்தபசுக்குக் கோயிலுக்குப் போக வேண்டும், நாள் இடிக்கிறது என்றால் செண்பகவல்லி போட்டுக்கொள்கிற மாத்திரை, தெருவில் எல்லாப் பெண்களும் போட்டுக்கொள்கிறதுதான், கடைக்காரனிடம் தள்ளிப் போடுறதுக்கு என்று சொன்னாலே எடுத்துக் கொடுத்துவிடுவான். அம்மனுக்காகத் தள்ளிப்போடுகிறதைப் போட்டிக்காகத் தள்ளிப்போட்டால் என்ன என்று பிள்ளைக்கும் கொடுத்தாள். பிள்ளைக்கு உடம்பு உப்பி, காலெல்லாம் கனத்து, கல்லைக் கட்டிக்கொண்டு நீந்துகிற மாதிரி இருக்கும்மா என்று அழுதாள், ஐந்தாவதாக வந்தாள். அடுத்த வாரம் வந்ததற்குப் படுக்கையிலேயே கிடந்தாள். அம்மன் என்ன நினைத்தாளோ. அம்மனுக்கும் மாதாமாதம் உண்டு என்று சொல்கிற ஊரெல்லாம் இருக்கிறதாம், இங்கே பேசக்கூடாது. பேசாமல்தானே இத்தனையும் நடக்கிறது. செண்பகவல்லிக்கும் ஒருத்தரும் எதுவும் சொன்னதில்லை.

நான்கு. குனிந்து காட்டிவிட்டு நிமிர்கிறபோது கால் கொஞ்சம் வழுக்கி, கீழே பார்த்தாள். இது ஆழப் பக்கம். அடி தெரியவில்லை, நீலம் கருநீலமாகி எங்கேயோ போகிறது. இத்தனை வருஷம் பிள்ளையைக் கூட்டி வருகிறாள், உட்காருவதெல்லாம் அந்தக் கரையில், பையும் தண்ணீர்ப் பாட்டிலும் இருக்கிற இடத்தில். ஆழப் பக்கத்துக்கு இவ்வளவு கிட்டத்தில் நின்றதில்லை. அதற்கு ஆசைப்பட்டதுண்டு. ஜெசிந்தா டீச்சர் என்று ஒரு பி.டி. டீச்சர் இருந்தாள் இவள் படித்த பள்ளிக்கூடத்தில், குட்டை முடி, கையில் ஆண்பிள்ளை வாட்ச்; கோடை விடுமுறையில் சனிக்கிழமை சனிக்கிழமை பத்துப் பிள்ளைகளை இதே ஊர்க் குளத்துக்கு, அப்போது சுவரெல்லாம் பாசி பிடித்துக் கிடக்கும், கூட்டி வருவாள். சுடிதாரோடுதான் இறங்குவார்கள். மிதக்கச் சொல்லிக் கொடுத்தாள். முதுகுக்குக் கீழே இரண்டு விரலை மட்டும் வைத்துத் தாங்கிக்கொண்டு, வானத்தப் பாரு, வயித்தத் தூக்கு, பயப்படாத என்பாள். அப்புறம் அந்த இரண்டு விரலும் எப்போது விலகியது என்றே தெரியாது. காதுக்குள் தண்ணீர் வந்து ஊர்ச் சத்தமெல்லாம் நின்று போகும். வீட்டுக்கு மூத்த பெண் என்பது, தம்பிகள் இருப்பது, அரிசி களைய வேண்டியிருப்பது எதுவும் அந்த இடத்தில் கிடையாது. ஆழத்துக்கும் ஆழமில்லாததற்கும் நடுவில் ஒரு கயிறு கட்டியிருக்கும். வர்ற சனிக்கிழமை உன்னையக் கயித்துக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போறேன், ரெடியா இரு என்றாள் டீச்சர். அந்த வாரம் முழுக்க செண்பகவல்லி கட்டிலில் குப்புறப் படுத்துக் காலை உதைத்தாள். வியாழக்கிழமை பெரியவளாகிவிட்டாள். மாமன் சீர் வந்தது, புட்டு வந்தது, உளுந்தங்களி வந்தது, பந்தல் போட்டார்கள், பூ ஜடை தைத்துப் போட்டோ எடுத்தார்கள். எப்ப எல்லாம் முடியும், எந்தச் சனிக்கிழமை போகலாம் என்று ஒருநாள் கேட்டதற்கு, “இனி என்னட்டி தண்ணில குதிக்கிற சோலி” என்று அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். அவ்வளவுதான், முடிந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று இன்று வரைக்கும் தெரியாது. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, கப்பில் மொண்டு மொண்டு ஊற்றிக் குளித்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் சில நாள் தலையில் தண்ணீர் விழும்போது காதைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். பைத்தியம்தான். யாரிடம் சொல்வது?

மூன்று. இரண்டு. இரண்டைக் காட்டும்போது மிருதுளாவின் முகம் ஒரு நொடி பக்கவாட்டில் திரும்பியது, வாய் திறந்து காற்றைக் கடித்தது, மறுபடி உள்ளே போனது. தூத்துக்குடிக்காரரின் பெண்ணும் இவளும் இப்போது தோளோடு தோள். மூன்றாவது பெண் பின்தங்கிவிட்டாள். அப்படியென்றால் கிடைத்துவிடும், இப்படியே போனால் கிடைத்துவிடும். இப்படியே போக வேண்டுமே. இவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறாள், இந்த உதை உதைக்கிறாள், இந்தக் குட்டிக்கரணம் போடுகிறாள், ஒரு ரப்பர் கிண்ணம் எவ்வளவு நேரம் தாங்கும்? தாங்காவிட்டால்? குளத்தில் தெரிந்தால் போட்டியை நிறுத்துவார்களோ? கேலரி நிறையப் பையன்கள். எல்லார் கையிலும் போன். படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் நின்ற பிள்ளை, நீலம் பாரித்த உதடு. வேண்டாம். போதும். யார் கேட்டார்கள் மாநிலத்தை? இப்போது முடிந்துவிட்டால் நன்றாக இருக்கும், இந்தச் சுற்றோடு முடிந்துவிட்டால், ஓடிப்போய்த் துண்டைச் சுற்றி, யாரும் எதுவும் பார்ப்பதற்குள் கூட்டிக்கொண்டு போய்விடலாம். அதோ அந்தச் சிவப்பு கயிறா? கயிறுதான். இல்லை, கயிறு அந்தப் பக்கமல்லவா இருக்கிறது? கயிறுதான், நிழல்தான், போதும், முடியட்டும், தாயே, முடியட்டும். மகள் வந்துகொண்டிருந்தாள். செண்பகவல்லியின் விரல் தட்டைப் புரட்டியது. ஈரத்தில் இரண்டு தட்டும் ஒட்டிக்கொண்டன என்று பிறகு யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், நம்புவார்கள். ஆனால் ஒன்று என்ற எண் கட்டைவிரலுக்கடியில் சிவப்போடு சேர்ந்து புரண்டதை அவள் விரல் உணர்ந்தது. உணர்ந்தும் நிற்கவில்லை. குனிந்து சிவப்பைக் காட்டினாள்.

மிருதுளா பார்த்தாள். சுவரை உதைத்துப் போன உதையிலேயே அது தெரிந்தது. “எக்கா, ஒண்ணுல்லா காட்டணும்! இன்னும் ஒரு முழுச் சுத்து இருக்கு!” என்று தூத்துக்குடிக்காரர் தம் தட்டை ஆட்டினார். செண்பகவல்லி மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். தொப்பிக்குள்ளும் தண்ணீருக்குள்ளும் இருக்கிற காதில் எது விழும்? கரையோரமாக ஓடிக்கொண்டே கத்தினாள், பாதி தூரத்தில் வழுக்கி முழங்காலில் விழுந்தாள், விழுந்த இடத்திலிருந்தே பார்த்தாள். அப்போதுதான் மகள் நீந்துவதை அவள் பார்த்தாள். அதுவரை தண்ணீரின் நிறத்தைப் பார்த்தாளே தவிர அதில் போகிறவளைப் பார்க்கவில்லை. எவ்வளவு அழகு. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள் பிள்ளை, மிச்சம் வைக்கவில்லை, தோள் தண்ணீருக்கு மேலே எழும்பி எழும்பி விழுகிறது, எல்லாரையும் பின்னுக்குத் தள்ளி, ஒரு உடம்பு நீளத்துக்கு முன்னால், கேலரி எழுந்து நிற்கிறது. இது என் வயிற்றில் கிடந்ததா? மிருதுளா சுவரைத் தொட்டாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள், சிரித்துக்கொண்டே ஒரு கையைத் தூக்கினாள். இரண்டு பக்கமும் மற்ற பெண்கள் வந்து, குட்டிக்கரணம் போட்டு, மறுபடி போய்க்கொண்டிருந்தார்கள். “போ! இன்னும் ஒண்ணு! போ!” என்று மாஸ்டர் குனிந்து அலறினார். தூக்கின கை அப்படியே நின்றது. பிள்ளை திரும்பி, பாதிக் குளத்தைத் தாண்டி இங்கே பார்த்தது, முழங்காலில் கிடக்கிற அம்மாவைப் பார்த்தது. பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டு சுவரை உதைத்தது.

அந்தக் கடைசிச் சுற்றில் செண்பகவல்லி கரையோரம் நடந்துகொண்டே வந்தாள், மகள் போன பக்கமெல்லாம் போனாள். கை தூக்க முடியவில்லை பிள்ளைக்கு, ஒவ்வொரு கையும் சேற்றிலிருந்து எடுக்கிற மாதிரி வந்தது. விட்டுவிடுவாள் என்று நினைத்தாள். விடவில்லை. தட்டு எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, வெறுங்கையை நீட்டி வா வா என்றாள், திரும்பினாள், போ போ என்றாள். கயிற்றில் சிவப்பு இருந்ததா, பச்சை இருந்ததா, எதுவும் கண்ணில் படவில்லை. தூத்துக்குடிக்காரரின் பெண் முதலில் தொட்டாள். பின்தங்கியிருந்த அந்த மூன்றாவது பெண் இரண்டாவதாகத் தொட்டாள். அப்புறம்தான் மிருதுளா.

மாஸ்டர் ஏதோ கேட்டார், தோளைத் தட்டினார். மிருதுளா நிற்காமல், துண்டும் எடுக்காமல், நனைந்த உடுப்போடு கேலரி முழுவதும் பார்க்கக் குளத்தின் கரையோடு நடந்து வந்தாள். அந்த நேரத்திலும் செண்பகவல்லியின் கண் முதலில் போனது மகளின் கால்களுக்குத்தான். வெறும் தண்ணீர்தான் வழிந்தது. கிட்ட வந்ததும் மூச்சு வாங்க, “தட்டு ஒட்டிக்கிட்டோ?” என்று கேட்டாள் பிள்ளை. ஆமாம் என்று சொல்லச் சொல்லியே கேட்கிற மாதிரி இருந்தது.

“இல்ல” என்றாள் செண்பகவல்லி.

“பெறகு?”

“நீ சீக்கிரம் வெளிய வந்துட்டா தேவலன்னு இருந்துச்சுட்டி. யாரும் எதுவும் பாத்துரக் கூடாதேன்னு.”

மிருதுளா நீச்சல் கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணாடி அழுத்தின தடம் கண்ணைச் சுற்றிச் சிவந்து கிடந்தது. அழுகையா குளத்துத் தண்ணீரா என்று தெரியாமல் முகத்தைப் புறங்கையால் துடைத்தாள். “இன்னைக்கி எனக்கு எதுவுமே நெனப்பு இல்லம்மா. வயித்து வலி நெனப்புகூட இல்ல. மொதத் தடவையா பயமே இல்லாம போனேன். எனக்கு உள்ளயே இருக்கணும்போல இருந்துச்சு” என்றாள்.

“எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.”

“ஒனக்கா? எப்ப?”

“ஒன் வயசுல” என்றாள் செண்பகவல்லி.